வளையும் பாதத்துக்கு எந்த பாலே ஷூ?

பாலே வகுப்பில் பாதத்தை நீட்டச் சொன்னதும் சிலருடைய கால் வில்லாக வளைந்து நிற்கும். ஆசிரியர் பாராட்டுவார், பக்கத்தில் நிற்பவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். முப்பது நாற்பது வயதில் ஆடக் கற்றுக்கொள்ள வருபவர்களில், பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்களுக்கு இந்தப் பாராட்டு சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. அவர்களையே ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி நிற்கச் சொன்னால் கணுக்கால் நடுங்கும், விரல்கள் தரையைப் பிறாண்டும். நன்றாக வளைகிற பாதம் பலமான பாதமாகவும் இருக்கும் என்ற எண்ணம்தான் அவர்களைத் தவறான ஷூவுக்கும் தவறான பயிற்சிக்கும் கொண்டுபோகிறது.

மூட்டுகள் இப்படி வளைவதை மருத்துவத்தில் ஹைப்பர்மொபிலிட்டி என்கிறார்கள். அதை அளக்க பெய்ட்டன் அளவுகோல் இருக்கிறது. சுண்டுவிரல் பின்பக்கமாக 90 டிகிரிக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னால் போகின்றனவா என்று இருபுறமும் பார்ப்பார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்க முடிந்தால் இன்னொரு மதிப்பெண். மொத்தம் 9. பெரியவர்களுக்கு 5 வந்தாலே கவனிக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டினால் 4 போதும். இந்த ஒன்பதில் ஒன்றுகூடப் பாதத்தையோ கணுக்காலையோ தொடுவதில்லை என்பதை ஆடுபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தும் பாதம் மட்டும் மிகவும் தளர்ந்திருக்கலாம். ஹைப்பர்மொபிலிட்டி தன்னளவில் நோய் அல்ல. ஆனால் வலி, அடிக்கடி சுளுக்கு, மூட்டு நழுவுவது, விடாத சோர்வு ஆகியவை கூடவே இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஜவ்வுகள் தளர்வாக இருந்தால், அவை செய்ய வேண்டிய காவலையும் தசைகளே செய்தாக வேண்டும். உள்ளங்காலுக்குள் இருக்கும் சின்னத் தசைகள் அதற்குப் பழகியிருக்காது. அதனால் விரல்களை மடக்கித் தரையைப் பற்றிக்கொண்டு உடல் எப்படியோ சமாளிக்கிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் இவர்களில் பலருக்கு மங்கலாக இருக்கும். நேராகத்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். வெளிப்பக்க ஜவ்வு சுளுக்கிக்கொள்வது அப்போதுதான்.

மென்மையான பயிற்சி ஷூவிலிருந்து தொடங்கலாம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஃபுல் சோல் ஷூவில் குதிகாலிலிருந்து விரல்வரை ஒரே அடித்தோல் ஓடும். ஸ்பிளிட் சோலில் முன்னால் ஒரு துண்டு, குதிகாலில் ஒரு துண்டு, நடுவில் வெறும் துணி. ஸ்பிளிட் சோல் பாத வளைவை எடுத்துக் காட்டும் என்பதால் பலரும் அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். இயல்பிலேயே வளையும் பாதத்துக்கு அந்த உதவி தேவையில்லை. ஃபுல் சோல் தோல் ஷூவில் பாதத்தை நீட்டும் ஒவ்வொரு முறையும் அடித்தோல் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பைத் தள்ளியே உள்ளங்கால் தசை வேலை பழகுகிறது. புதிதாகத் தொடங்கும் நெகிழ்ந்த பாதக்காரர்களுக்கு என் பரிந்துரை இதுதான். காலை இறுகக் கவ்வும் ஸ்ட்ரெச் கேன்வாஸ் போட்டால்தான் பாதம் எங்கே இருக்கிறது என்று புரிகிறது என்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஓரளவு பலம் வந்த பிறகு அதற்கு மாறலாம்.

அளவை நின்றபடி பார்க்க வேண்டும். பாரம் ஏறும்போது தளர்ந்த பாதம் நீண்டு அகலும், உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் அது தெரியாது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரம் இதற்கு நல்லது. முழங்காலை மடக்கி பிளியே செய்யும்போது விரல்கள் மடங்காமல் தட்டையாகக் கிடக்க வேண்டும், பாதத்தை நீட்டும்போது விரல் நுனியில் துணி தொங்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துவதே சரியான அளவு. தெருவில் போடும் செருப்பின் எண்ணை இங்கே நம்ப வேண்டாம்; கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும், அகலமும் மாறும். தோல் போகப் போக விரிந்துகொடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கணுக்காலுக்குக் குறுக்காக இரண்டு எலாஸ்டிக் பட்டைகள் தைத்தால் குதிகால் நழுவாது. ஷூ வாயிலுள்ள கயிற்றை இழுத்துக் கட்டி அந்த வேலையை வாங்கினால் குதிகாலுக்குப் பின்னாலுள்ள தசைநாண் நசுங்கி வலிக்கத் தொடங்கும்.

விரல் நுனியில் நிற்கும் பாயின்ட் ஷூ வேறு கதை. 1832இல் பாரிஸில் மரீ டாக்லியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடியபோது அணிந்தது, நூலால் தைத்து உறுதியாக்கிய சாட்டின் செருப்புதான். இன்றைய உறுதியான ஷூ வந்த வழியில் பாலே கலைஞர் ஆன்னா பாவ்லோவாவின் பெயரைத் தவிர்க்க முடியாது. அவருடைய பாதங்கள் ஒடிசலானவை, வளைவு மிக உயரம். அவர் ஷூவுக்குள் கெட்டியான தோலை வைத்து, நுனியைத் தட்டையாக்கி இறுக்கிக்கொண்டார். அது ஏமாற்று வேலை என்று அன்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். தன் பாதத்துக்கு எது குறைவு என்று தெரிந்து அதை ஷூவில் ஈடுகட்டியதை நான் அறிவு என்றே சொல்வேன்.

அவர் செய்தது இன்றும் பொருந்தும். மிக வளையும் பாதம் ஷூவின் தட்டை நுனியைத் தாண்டி முன்னால் கவிழப் பார்க்கும். விரல்களை மூடும் மேல்பகுதியான வாம்ப் உயரமாக இருந்தால் அதைத் தடுக்கும். அடியிலுள்ள ஷாங்க் என்ற பட்டை உறுதியாக இருக்க வேண்டும். மிருதுவான ஷாங்க் இந்தப் பாதத்தில் சீக்கிரமே செத்துவிடும். பொருத்திப் பார்க்கத் தெரிந்தவரின் முன்னால் நின்று வாங்க வேண்டிய பொருள் இது. இணையத்தில் படம் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள்.

எந்த ஷூவும் தசைக்கு ஈடாகாது. முதல் பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பாதத்தைத் தரையில் பதித்து, பெருவிரலின் அடிக்குமிழைக் குதிகாலை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். வளைவு உயரும், விரல்கள் மடங்கக் கூடாது. சில விநாடி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். ஆரம்பத்தில் எதுவும் அசையாதது போலிருக்கும், உள்ளங்காலில் பிடிப்பும் வரலாம். தூங்கிக்கிடந்த தசை விழிக்கும்போது அப்படித்தான். அடுத்தது, பெருவிரலை மட்டும் தூக்கி மற்ற நான்கைத் தரையில் வைப்பது, பிறகு மாற்றிச் செய்வது.

ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி நீட்டும்போது கணுக்கால் முதலில், விரல்கள் கடைசியில் போகட்டும். திரும்பும்போது விரல்கள் முதலில். அந்தத் திரும்பும் பயணத்தை மெதுவாகச் செய்வதில்தான் பலன் அதிகம். சுளுக்கு அடிக்கடி வருபவர்கள் பட்டையை வெளிப்பக்கமாகத் தள்ளியும் பழக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் குதிகாலை உயர்த்துவது. இரு கணுக்கால்களுக்கும் நடுவில், உள்பக்க எலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தால் கால் வெளியே சரியாது. இரண்டு எண்ணும் நேரத்தில் மேலே, நான்கு எண்ணும் நேரத்தில் கீழே. உச்சிவரை போக வேண்டியதில்லை. நடுங்காமல் நிற்க முடிகிற உயரமே உங்கள் இன்றைய எல்லை. முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்ளும் பழக்கம் மூட்டு நெகிழ்ந்தவர்களுக்கு அதிகம். பூட்டினால் பாரம் முழுவதும் குதிகாலுக்குப் போய்விடும், தொடை வேலை செய்யாது. நேராக நிற்பது முழங்காலை மடக்கி நிற்பது போல ஒரு மாதம் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது எளிய சமநிலைப் பயிற்சி. பழகிய பிறகு, பிடித்துக்கொள்ள ஏதாவது பக்கத்தில் இருக்கும்போது, கண்ணை மூடிச் செய்து பாருங்கள்.

பாதத்தை வளைக்கும் மரக் கருவிகளையும், சோஃபாவுக்கு அடியில் காலைச் செருகி அழுத்துவதையும் இவர்கள் அறவே விட வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த ஜவ்வை இன்னும் இழுப்பதைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை.

தினமும் பத்து நிமிடம் போதும். தசையைவிடத் தசைநாண் மெதுவாகப் பலம் பெறும் என்பதால் வாரக்கணக்கில் பார்க்காமல் மாதக்கணக்கில் பாருங்கள். மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள். உள்கணுக்காலுக்குப் பின்னால் வலித்து, பெருவிரலை அசைக்கும்போது அது கூடினால், பெருவிரலை மடக்கும் தசைநாண் புண்பட்டிருக்கலாம். நடனக்காரர்களிடம் அடிக்கடி காணும் தொல்லை இது. அதற்கும், வீக்கம், மரத்துப்போதல் போன்றவற்றுக்கும் பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும். பாயின்ட் ஷூ வாங்கும் ஆசை வந்தால் அதையும் அவரிடமே கேளுங்கள். ஒற்றைக் காலில் குதிகாலை 20, 25 முறை சரியாமல் உயர்த்தச் சொல்வார், ஒற்றைக் காலில் குதித்து இறங்கச் சொல்வார், சுழலச் சொல்லிப் பார்ப்பார். நீட்டிய பாதம் எவ்வளவு வளைகிறது என்பது உங்கள் விஷயத்தில் அவருக்குக் கடைசிக் கேள்வியாகத்தான் இருக்கும்.