ஐந்து கதவுள்ள ஹெரால்டு

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையில், காட்டுப்பாக்கத்துக்கருகே நாழிகைக்கணக்கில் நின்று பார்த்தாலும் நேயர்கள் ஒரு ‘ஸ்டாண்டர்டு கம்பானியன்’ வண்டியைக் காண்பது துர்லபம். அது சீமையிலிருந்து கப்பலேறி வந்த அபூர்வ சரக்கென்று எண்ண வேண்டாம். நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலேயே உருவானது.

இதன் மூலம் இங்கிலாந்தைச் சேர்ந்ததே. கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனியார் 1959-இல் ‘டிரயம்ப் ஹெரால்டு’ என்னும் சிறிய மோட்டாரை வெளியிட்டார்கள். உருவம் வகுத்தவர் ஜோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதற்குச் சிலவருஷம் முன்பு, 1953-இல், கூடு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனியார் வாங்கிவிட்டனர். ஆகவே முழுக்கூட்டை ஒன்றாக வார்க்கும் புது வழக்கத்தைவிட்டு, தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டான தகடுகளைப் போல்ட்டால் முடுக்கும் பழைய முறையைக் கைக்கொண்டார்கள்.

சங்கடத்தில் பிறந்த இந்த யோசனை நம் தேசத்துக்கு வெகு பொருத்தமாயிற்று! அடிபட்ட தகட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்மூடியும் மட்கார்டும் ஒன்றாக முன்புறம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே இஞ்சினைப் பார்க்கலாம். வண்டியோ இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் ஸ்தாபனம் 1948-இல் தோன்றியது. 1961 முதல் இந்த வண்டியை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் செய்தார்கள். இஞ்சின் 948 கன சென்டிமீட்டர்தான். அந்த வருஷங்களிலேயே பாடியில் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் மின்சாரச் சாமான்களுக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. இறக்குமதிப் பாகங்கள் படிப்படியாகக் குறைந்து, 1965 வாக்கில் உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டே வண்டி உருவாயிற்று.

விசேஷம் இதற்குமேல்தான். சீமையில் விற்ற ஹெரால்டு எஸ்டேட் வண்டிக்குப் பக்கக் கதவுகள் இரண்டே. பாட்டியம்மாளை முன்னாசனத்தை மடக்கிப் பின்னே ஏற்றுவது நம் குடும்பங்களுக்குச் சரிப்படுமா? 1960-களின் பிற்பகுதியில் வண்டலூர்க்காரர்கள் பக்கத்துக்கு இரண்டு கதவும், பெட்டி படுக்கைக்காகப் பின்னால் ஒரு பெருங்கதவும் வைத்துக் கம்பானியனை அமைத்தார்கள். சீமையில் இல்லாத ஹெரால்டு இது. பிற்பாடு ‘கஸெல்’ வந்து 1977 வரை ஓடிற்று; 1988-இல் தொழிற்சாலையே கார் செய்வதை நிறுத்திவிட்டது.

எஞ்சிய சில வண்டிகளுக்குத் துருவும் பழைய இரும்புக்காரருமே யமன். கொட்டகையில் ஒன்று வைத்திருப்போர் அதை எடைக்குப் போடுமுன் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். 2021-இல் வந்த மத்திய சர்க்கார் விதிப்படி, ஐம்பது வருஷம் கடந்த காரைப் புராதன வண்டியாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு ரூ. 20,000, பத்து வருஷம் செல்லும். சட்டம், கூடு, இஞ்சின் இவற்றைப் பெரிதும் மாற்றியிருக்கலாகாது. கண்காட்சி, பவனி, பெட்ரோல், மராமத்து இவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டவும் கூடாது. குடும்பத்தைச் சுமக்கவென்றே பிறந்த வண்டிக்கு இது சற்று விநோதமான பென்ஷன்தான். ஆயினும் பதிவுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பார்ப்பது நல்லது. சட்டத்தில் பொறித்த எண்ணும் அதிலுள்ள எண்ணும் ஒத்திருக்கவேண்டும்.