5 நிமிட இடைவெளிக்குள் தொலையும் 20 விநாடிகள்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறிய கல்வி நிலையம். புலம்பெயர்ந்து வாழும் ஆசிரியர் ஒருவர் மாலை வேளைகளில் உயர்தர மாணவர்களுக்கு இணையவழியில் இணைந்த கணிதம் கற்பிக்கிறார். சில மாதங்களுக்கு முன்னர் அந்த வகுப்பு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. கணக்கின் முக்கியமான படியில் ஆசிரியரின் குரல் அறுந்துவிடும். இணைப்பு திரும்பும்போது அவர் அடுத்த படிக்குப் போயிருப்பார்.

சேவை வழங்குநருக்கு அழைத்தால், “சேர், எங்கட பக்கம் எல்லாம் சரியாத்தான் காட்டுது” என்பார்கள். நிலையத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் என் நண்பரின் கணினியிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. கோளாறு, அவர் கேள்வி கேட்ட முறையில் இருந்தது.

வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்க இன்றும் பரவலாகப் பயன்படுவது எஸ்.என்.எம்.பி என்ற முறை. 1988 இல் வரையறுக்கப்பட்டது. கண்காணிக்கும் கணினி குறித்த இடைவெளியில், பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, சாதனத்திடம் நிலைமையைக் கேட்கும். 7.00 மணிக்குக் கேட்டால் ‘சரி’. 7.05 க்குக் கேட்டாலும் ‘சரி’. இடையில் 7.02 க்கு 20 விநாடி இணைப்பு அறுந்திருந்தால் வரைபடத்தில் அதற்கு அடையாளமே இருக்காது. பிரச்சினை வந்தால் சாதனம் தானாக அறிவிக்கும் ‘ட்ராப்’ வசதி இதில் உண்டு. ஆனால், அந்தச் செய்தி வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான்.

இதற்கு மாற்றாக வந்ததே ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது போன்றது. எந்தத் தகவல் வேண்டும் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால், சாதனமே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்குப் பரவலாகப் பயன்படும் நெறிமுறையின் பெயர் ஜி.என்.எம்.ஐ.

வீட்டு ரவுட்டர்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய பழைய அலுவலக சுவிட்ச் ஒன்றில் அது இருந்தது. நண்பர் செய்தவை இவை:

முதலாவது, சுவிட்சில் ஜி.என்.எம்.ஐ சேவையை இயக்கி, தரவை வாசிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கணக்கை உருவாக்கினார். இணைப்பை டி.எல்.எஸ் சான்றிதழால் மறைகுறியாக்கினார். இல்லாவிட்டால் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகும்.

இரண்டாவது, எதற்குச் சந்தா என்று தீர்மானித்தார். எல்லாவற்றையும் கேட்டால் சிறிய சாதனம் திணறும். அவர் இரண்டை மட்டும் கேட்டார். ஒவ்வொரு போர்ட்டும் இயங்குகிறதா, அதனூடாக எவ்வளவு தரவு போகிறது.

மூன்றாவது, எப்போது அனுப்ப வேண்டும் என்பது. போர்ட்டின் நிலைக்கு ‘மாறும்போது மட்டும்’ என்ற முறை. தரவின் அளவு ஓயாமல் மாறுவதால் அதற்கு 10 விநாடிக்கு ஒரு தடவை. ஜி.என்.எம்.ஐ இந்த இடைவெளியை நனோ விநாடியில் கணக்கிடுகிறது. 10 விநாடி என்பது 1க்குப் பின்னால் 10 பூச்சியங்கள். சில மென்பொருட்கள் ‘10 விநாடி’ என்று எழுதினாலே தாமே மாற்றிக்கொள்ளும்.

நான்காவது, ‘ஹார்ட்பீட்’ எனப்படும் இதயத்துடிப்பு. மாறும்போது மட்டும் செய்தி வரும் என்றால், மாற்றமில்லாத நேரம் அமைதிதான். அந்த அமைதிக்கு ‘எல்லாம் சரி’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘சொல்ல வேண்டியவரே விழுந்துவிட்டார்’ என்றும் பொருள் கொள்ளலாம். ஆகவே மாற்றம் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு தடவை நிலையைச் சொல்லுமாறு கேட்டார்.

ஐந்தாவது, செய்திகளைப் பெறும் கணினி. அதில் டெலிகிராஃப் என்ற இலவச மென்பொருள் தரவைப் பெறுகிறது, புரோமிதியஸ் சேமிக்கிறது, கிராஃபானா வரைபடமாக்குகிறது. அந்தக் கணினியை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே, அதே யு.பி.எஸ் மின்சாரத்தில் வைத்தார். அறுந்துபோகும் இணைப்புக்கு அப்பால் வைத்தால், அறுந்த கணத்தில் செய்தி போய்ச் சேராது. தவறவிட்டதை ஜி.என்.எம்.ஐ பிறகு திருப்பி அனுப்புவதும் இல்லை.

கடைசியாகக் கடிகாரம். பதிவில் உள்ள நேரம் பிழையென்றால் பதிவால் பயனில்லை. 1996 இல் அரசு கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோது வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2006 வரை ஒரே தீவில் இரண்டு நேரம். ‘எந்த நேரம்?’ என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என்.டி.பி என்ற நேர ஒத்திசைவை இரு சாதனங்களிலும் இயக்கினார். பின்னர் ஒரு கேபிளைக் கழற்றி, செய்தி வருகிறதா என்று சோதித்தார். வந்தது.

முதல் மாலையிலேயே விடை கிடைத்தது. வழங்குநரின் ஃபைபர் இணைப்பை சுவிட்சுடன் சேர்க்கும் சிறிய பெட்டி இருந்த போர்ட் பல தடவை விழுந்து எழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் 20 விநாடியளவு. அந்த நேரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய் நிலையக் காவலாளியிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, “தம்பி, இது நான் தண்ணி மோட்டர் போடுற நேரம்” என்றார்.

மோட்டர் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது. சுவிட்ச் யு.பி.எஸ்ஸில் இருந்ததால் தப்பியது. அந்தப் பெட்டி மட்டும் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருந்ததால் அணைந்து மீண்டும் எழுந்தது. பிளக்கை மாற்றினோம், வகுப்பு தொடர்கிறது. மாதக்கணக்காக நாங்கள் குற்றம்சாட்டிய வழங்குநரிடம் பிழையில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்படியொரு நாளில் சுவிட்சின் பதிவு ‘போர்ட் இயங்குகிறது’ என்றே சொல்லும். கம்பி அறுவதை இது காட்டும், வழி அடைக்கப்படுவதைக் காட்டாது. அதற்கு, குறிப்பிட்ட தளங்கள் திறக்கின்றனவா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.

நடந்ததற்குப் பதிவு இல்லாவிட்டால், ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதிலே நிற்கும் என்பதை நாம் அறிவோம். கல்வி நிலையமோ, கூட்டுறவுச் சங்கமோ, பத்திரிகை அலுவலகமோ, தன் இணைப்பின் பதிவைத் தானே வைத்திருப்பது நல்லது. அந்தப் பதிவு சில வேளைகளில் நம் பக்கத்துப் பிழையையும் காட்டும். அதையும் ஏற்றுக்கொண்டால்தான், அடுத்த தடவை பிழை மறுபக்கம் இருக்கும்போது நம் பதிவை யாராவது நம்புவார்கள்.