குண்டு எட்டும் தூரமும் குறி தப்பாத தூரமும்

துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் வரை குறித்த இடத்தில் சென்று தைக்கும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இவ்விரண்டில் முதற்கேள்வியை மட்டும் கேட்டு ஊரெல்லை வகுத்த இடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் ஆகும். கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுடும் பீரங்கியின் குண்டு எட்டும் நிலம் அனைத்தும் கோட்டையோடு சேரும் என்று பேசி முடித்தனர். திசைதோறும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர் நகரமும் அடங்கிப் போயிற்று. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்நிகழ்ச்சி இன்றும் வழங்குகிறது. மருந்தைக் கெட்டித்து, பீரங்கியின் வாயை உயர்த்தி, எங்கே விழுந்தாலும் நமக்கே என்று சுடுவதற்குக் குறி தேவையில்லை.

குறி தேவைப்படும் துப்பாக்கிகளில் ஒருவகை, கைத்துப்பாக்கிக்கென்று செய்யப்பட்ட தோட்டாவை ஏற்கும் வேட்டை ரைஃபிளாகும். குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடைத்ததே தோட்டா என்பது. ரைஃபிளுக்குரிய தோட்டா நீண்டு, மருந்து மிகுந்திருக்கும். கைத்துப்பாக்கித் தோட்டா குட்டையாக, மருந்து குறைந்திருக்கும். இந்தக் குட்டைத் தோட்டாவை நீண்ட குழலில் இட்டுச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் ரைஃபிளால் பரவியது. அதன் 44-40 என்னும் தோட்டாவையே ஏற்கும் கோல்ட் ரிவால்வரும் சில ஆண்டுகளில் வந்துவிட்டதால், காட்டு வழியில் செல்பவர் இரண்டு ஆயுதங்களுக்கும் ஒரே பையில் தோட்டா வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால், நீண்ட குழலில் இட்டதனால் அத்தோட்டா ரைஃபிள் தோட்டாவின் ஆற்றலைப் பெற்றுவிடுகிறதா என்ற ஐயம் அன்றுமுதல் தீரவில்லை.

அந்த ஐயம் எழுவதற்கு முன்பே அதைத் தீர்க்கும் கணக்கைப் போட்டவர் தேவனாம்பட்டினத்தில்தான் இறந்தார். பெஞ்சமின் ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்த கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூலை, ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதையான ஆய்லர் 1745இல் விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார் என்பதே அந்நூலின் தகுதிக்குச் சான்று. பின்னர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பட்டு 1750இல் இங்கு வந்த ராபின்ஸ், கோட்டைகளைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினக் கோட்டையாகிய புனித டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார். தேவனாம்பட்டினக் கோட்டையைப் பற்றிப் பேசுவோர் கிளைவின் பெயரைத் தவறாமல் சொல்கின்றனர். ராபின்ஸின் பெயரைச் சொல்வோர் அரியர். கோட்டையை ஆண்டவரை நினைத்து, அறிவை வளர்த்தவரை மறக்கும் வரலாறு குறையுடைய வரலாறு.

குண்டின் வேகத்தை அளக்க ராபின்ஸ் அமைத்த கருவி மிக எளியது. இரும்புத் தகட்டின்மேல் கனத்த மரப்பலகையைப் பொருத்தி அதை ஊசல்போல் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டார்; குண்டு பலகையில் பதிந்து அதைப் பின்னுக்குத் தள்ளியபோது, அடியில் கட்டியிருந்த நாடா அதனுடன் இழுபட்டு, ஊசல் எவ்வளவு அசைந்தது என்பதைக் காட்டியது. அந்த நீளத்தையும் குண்டு, பலகை ஆகியவற்றின் எடைகளையும் கொண்டு வேகத்தைக் கணித்தார். எரிந்த மருந்தின் புகை குழலுக்குள் விரிய விரியக் குண்டை உந்துகிறது. விரிந்துகொண்டே போகும் புகையின் அழுத்தம் குறைந்துகொண்டும் போகிறது. ஆகவே குழலை நீட்ட நீட்ட வேகம் கூடினாலும், கூடும் அளவு சிறுத்துக்கொண்டே வரும் என்பது அவர் கணக்கு தரும் முடிவு.

இன்றைய தோட்டாக்கள் அம்முடிவுக்கு இணங்கியே நடக்கின்றன. 1935இல் வந்த 357 மேக்னம் தோட்டா நான்கு அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,250 அடி வேகத்தில் புறப்படும். பதினெட்டு அங்குலக் குழலில் அதே தோட்டா 1,700 அடியையும் தாண்டுவதால், குண்டின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனால் 9 மில்லிமீட்டர் தோட்டாவில் உள்ள சிறிதளவு மருந்து குழலின் முற்பகுதியிலேயே எரிந்து தீர்ந்துவிடுவதால், நீண்ட குழல் அதற்குத் தரும் கூடுதல் வேகம் சொற்பமே.

ராபின்ஸின் ஆய்வுகளில் மிக வியப்பூட்டுவது வளைந்த குழலின் சோதனை. புரியில்லாத வழவழப்பான குழலிலிருந்து செல்லும் உருண்டைக் குண்டு ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் விலகுவதற்குக் காரணம், அது குழற்சுவரில் உராய்ந்து சுழன்றுகொண்டே வெளிவருவதுதான் என்று அவர் கருதினார். அதை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாகச் சற்றே வளைத்து, எதிரே மெல்லிய தாள் திரைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார். வளைவில் குண்டு வலச்சுவரை ஒட்டி உருண்டு வருமாதலால், அதன் இடப்பக்கம் முன்னோக்கிச் சுழன்று காற்றை வலுவாக எதிர்கொள்ளும். அந்த எதிர்ப்பு குண்டை வலப்பக்கம் தள்ளவேண்டும். திரைகளில் விழுந்த துளைகள் அவ்வாறே அமைந்தன. குழல் காட்டிய வழியே முதலில் இடப்பக்கம் சென்ற குண்டு, பறக்கையிலேயே திரும்பி, குறியைக் கடந்து வலப்பக்கம் போய் விழுந்தது. இடப்பக்கம் வளைந்த குழல் வலப்பக்கம் சுடும் என்று சுடுவதற்கு முன்பே கூறி, அதைத் தாள் துளைகளால் காட்டியது அறிவியல் வரலாற்றின் அரிய காட்சிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இந்த விலகலுக்குத் தீர்வு சுழற்சியை ஒழிப்பதன்று. சுழற்சியின் அச்சைக் குண்டு செல்லும் திசையோடு ஒன்றச் செய்வதே. குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டப்படும் புரிகள் இதைச் செய்கின்றன. அப்புரிகள் உள்ள துப்பாக்கியே ரைஃபிள் எனப்படுகிறது. எந்த நாடு புரிக்குழலின் நன்மையை முதலில் உணர்கிறதோ அது பிற நாடுகளை விஞ்சும் என்று ராபின்ஸ் 1747இலேயே எழுதினார்.

கைத்துப்பாக்கியின் குழலிலும் புரிகள் இருக்கின்றன. எனவே அத்தோட்டாவை ஏற்கும் ரைஃபிள் குறி தவறாமல் சுடுவதற்குக் காரணம் புரியன்று; கட்டையைத் தோளில் ஊன்றிப் பிடிக்க முடிவதும், குறிபார்க்கும் முன்மணிக்கும் பின்பிளவுக்கும் இடையே தூரம் மிகுவதால் கைப்பிழை தெளிவாகத் தெரிவதுமே. நூறு கஜத்துக்குள் அது நம்பத்தக்க கருவி. அதற்கப்பால் குண்டின் வடிவமே எதிரியாகிறது. இவ்வகை ரைஃபிள் பலவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன; பின்னுள்ள குண்டின் மூக்கு முன்னுள்ள தோட்டாவின் பொட்டைத் தொட்டு நிற்பதால், மூக்கு கூர்மையாக இருந்தால் உள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால் மூக்கைத் தட்டையாக்குகின்றனர். தட்டை மூக்கைக் காற்று வெகுவாகத் தடுக்கிறது. நூறு கஜத்துக்குக் குறி அமைத்த 357 மேக்னம் ரைஃபிளில் இருநூறு கஜத்தில் குண்டு ஒன்றரை அடிக்கும் மேல் தாழ்ந்து போகும்.

இந்தக் குறையே சில இடங்களில் பயனாகிறது. வீடுகளும் வயல்களும் நெருங்கிய சமவெளியில், வெகுதூரம் வலுவோடு செல்லும் ரைஃபிள் குண்டு அயலாருக்கு ஆபத்து என்பதால், மான் வேட்டைக்கு அதை அப்போது அனுமதிக்காதிருந்த அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏற்கும் ரைஃபிள்களை 2007 முதல் அனுமதித்தது. புதரடர்ந்த காட்டில், ஐம்பது அறுபது கஜத்தில் நிற்கும் விலங்குக்கு அது போதும். இருநூறு கஜத்தில் நிற்கும் மானை அதனால் சுடுவது திறமையன்று, கொடுமை. தாழ்ந்த குண்டு காலை முறிக்கும், விலங்கு ஓடி மறைந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டதால், கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏற்கும் நீள்துப்பாக்கியை இங்குள்ளவர் காவல்துறையினர் கையில்தான் கண்டிருப்பர். கான்பூர் ஆலையில் செய்யப்பட்ட 1ஏ1 கார்பைன் 9 மில்லிமீட்டர் தோட்டாவால் சுடுவது. தொடர்ந்து சுடும் அக்கருவி வேட்டைக்குரியதன்று எனினும், அண்மையில் உள்ளதற்கே பயன்படும் என்ற எல்லை அதற்கும் பொருந்தும்.

மரக்கட்டையில் பதியும் குண்டின் வேகத்தைக் காணும் கணக்கு இயற்பியல் பாடநூல்களில் உந்த அழிவின்மை விதிக்கு எடுத்துக்காட்டாக வருகிறது. தேவனாம்பட்டினத்திலுள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியின் மாணவர், அக்கருவியை அமைத்தவர் தம் ஊரிலேயே இறந்தார் என்பதை அறிந்து அக்கணக்கைப் போடவேண்டும். தாளில் போடுவதோடு நில்லாமல் செய்தும் பார்க்கவேண்டும். கடற்கரைகளில் பலூன் சுடும் கடைக்காரர்கள் வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்றும், நூலில் தொங்கும் மெழுகுக் கட்டியும், ஒரு முழ நாடாவும், ரவையை நிறுக்க ஆய்வகத் தராசும், கண்ணுக்குக் காப்பாக ஒரு கண்ணாடியும் அதற்குப் போதும்.