சோர்வும் பதற்றமும்: நம்மில் நாமே கண்டுகொள்ள



"சாமி, செபிக்க மனம் வரவில்லை, திருப்பலியில் இருந்தாலும் எதுவும் உள்ளே இறங்கவில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. விசுவாசம் குறைந்துவிட்டது என்று தாங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். செபம் மட்டுமா கசக்கிறது, பேரக்குழந்தையின் சிரிப்பும் விருப்பமான மீன்குழம்பும்கூடச் சுவைக்கவில்லையா என்று கேட்பேன். எல்லாமே சுவையற்றுப் போயிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

நம் மக்கள் "மனம் சரியில்லை" என்று சொல்வது அரிது. தலை கனக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது, வயிறு எரிகிறது என்பார்கள். ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. விடியுமுன்னே விழிப்பு வந்து, பிறகு உறக்கமின்றிக் கிடப்பதைக் கவனியுங்கள். பசி குறைவது, வேலையில் மனம் நிற்காதது, காரணமில்லாத குற்றவுணர்வு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் (ஆண்களிடம் பல நேரம் கண்ணீர் வராது, கோபம்தான் வரும்) இவையும் அறிகுறிகளே. துயரச் செய்தி கேட்டுச் சில நாள் அழுவது இயல்பு. ஆனால் இவற்றில் பல சேர்ந்து, நாளின் பெரும்பகுதியும், இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதேபோல் தோன்றும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

பதற்றம் வேறு விதம். மகன் பத்து நிமிடம் தாமதித்தால் விபத்து என்றே மனம் முடிவு செய்துவிடும். தோள் இறுகும், கை வியர்க்கும். சிலருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற அச்சம் வந்து, சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தணியும். முதல்முறை என்றால் இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்தபோது இயேசு சபையின் மாநிலத் தலைவராக இருந்தார். அப்போது தம் பதற்றத்திற்காக ஆறு மாதம், வாரம் ஒருமுறை, ஒரு பெண் மனநல மருத்துவரிடம் சென்றதை 2021இல் வெளியான ஒரு நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். செபமாலையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.