கார் கிளம்பவில்லையா? முதலில் செவிகொடுப்போம்

வாகனக் கடன் பெற்றுக் கார் வாங்கும் குடும்பங்கள் மாதத் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், எரிபொருள் ஆகிய மூன்று செலவுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கின்றன. ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாமல் நிற்கும்போது ஏற்படும் செலவு மட்டும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அலுவலகத்திற்கோ மருத்துவமனைக்கோ புறப்படும் அவசரத்தில் நாம் சாவியை மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்க்கிறோம். எளிதில் தீரவேண்டிய சிறு கோளாறு பெரும் பழுதாக வளர்வதற்குப் பல வேளைகளில் அந்த அவசரமே காரணமாகிவிடுகிறது.

கிளம்பாத கார் எழுப்பும் ஓசையிலேயே கோளாறு எங்கே என்பதற்கான குறிப்பு உள்ளது. ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பி, என்ன ஓசை கேட்கிறது, ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் எந்த விளக்குகள் எரிகின்றன என்று கவனித்தால், அடுத்துச் செய்யவேண்டியதைப் பெரும்பாலும் நாமே முடிவு செய்யலாம். வெள்ளநீரில் நின்ற காருக்கு மட்டும் இந்த ஒரு முறையும் கூடாது. அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

எஞ்சின் இயங்கத் தொடங்கும் விதம்

பழைய அம்பாசடர் கார்களின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காட்சி மூத்த வாசகர்களின் நினைவில் இருக்கலாம். அந்தக் கைப்பிடி செய்த வேலையை இன்று ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது. வழக்கில் நாம் 'செல்ஃப்' என்று கூறுவது இதனையே. சில நொடிகளே இயங்கினாலும் இதற்கு 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தேவைப்படுகிறது. வானொலிக்கும் உள்விளக்கிற்கும் சில ஆம்பியரே போதும். ஆகவே, விளக்கு எரிகிறது என்பதால் மட்டும் பேட்டரி நன்றாக உள்ளது என்று கருதிவிட இயலாது.

எஞ்சின் சுழலத் தொடங்கியபின் பெட்ரோல் காரில் எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். டீசல் காரில் தீப்பொறிக்கு இடமில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எனவே நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய முதல் கேள்வி, செல்ஃப் எடுக்கிறதா இல்லையா என்பதே.

செல்ஃப் எடுக்காதபோது

'டிக் டிக் டிக்' என்று விரைவாகத் தொடரும் ஓசை கேட்டு, விளக்குகளும் மங்கினால், பேட்டரியில் மின்னேற்றம் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். 'டக்' என்று ஒரே ஓசையுடன் நின்றுவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ அதற்குச் செல்லும் இணைப்பிலோ கோளாறு இருக்க வாய்ப்புண்டு.

ஓசையே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால், பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பார்க்கவேண்டும். இணைப்பு தளர்ந்திருக்கலாம். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்த பொடி மின்னோட்டத்தைத் தடுத்திருக்கலாம். எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவினால் முனைகளைத் துடைத்து, உலர்ந்தபின் இறுக்கினால் பல கார்கள் கிளம்பிவிடும்.

விளக்குகள் நன்கு எரிந்தும் ஓசையில்லை என்றால், கியரைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்கள் 'பி' அல்லது 'என்' நிலையில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். கியர் மாற்றும் கார்கள் பலவற்றில் கிளட்ச்சை முழுவதும் மிதிக்கவேண்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல மாதிரிகளில் அந்தச் சாவியைப் பொத்தானின் மீது ஒட்டினாற்போல் பிடித்து அழுத்தினால் கார் சாவியை அடையாளம் கண்டுகொள்ளும்.

மின்சாரக் காருக்கும் இது பொருந்தும். ஓட்டத்திற்கான பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் பெரும்பாலான மின்சாரக் கார்கள் இயங்கத் தொடங்குவதில்லை.

மற்றொரு காரின் துணை

பேட்டரி தீர்ந்த காரை ஜம்பர் கேபிள் கொண்டு மற்றொரு காரின் துணையுடன் கிளப்பலாம். இரண்டும் 12 வோல்ட் பேட்டரிகளாக இருக்கவேண்டும். வெடிப்போ கசிவோ வீக்கமோ உள்ள பேட்டரியில் இதனை முயலக்கூடாது. இணைப்பின் வரிசை முக்கியமானது.

1. சிவப்புக் கேபிளின் ஒரு முனையைத் தீர்ந்த பேட்டரியின் நேர்முனையில் இணைக்கவும்.
2. அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையில் இணைக்கவும்.
3. கறுப்புக் கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் இணைக்கவும்.
4. அதன் மறுமுனையைக் கிளம்பாத காரின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து விலகியுள்ள வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் இணைக்கவும்.

கடைசி இணைப்பில் சிறு பொறி எழக்கூடும். பேட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவேதான் அந்த இணைப்பு பேட்டரிக்கு அருகில் கூடாது என்கிறோம். நல்ல காரைச் சில நிமிடங்கள் இயங்கவிட்டு, பின்னர் மற்றதைக் கிளப்பவேண்டும். கேபிள்களை இதற்கு நேரெதிர் வரிசையில் கழற்றவேண்டும்.

கிளம்பிய கார் சிறிது நேரத்தில் மீண்டும் நின்றுவிட்டால், பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கவேண்டும். அதனைச் சோதிக்காமல் புதிய பேட்டரி வாங்கினால் அதுவும் சில நாட்களில் தீர்ந்துபோகும்.

செல்ஃப் சுற்றியும் கிளம்பாதபோது

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் இயங்கவில்லை என்றால், குறை பேட்டரியில் இல்லை. எரிபொருள் அளவை முதலில் பார்க்கவேண்டும். பெட்ரோல் கார்கள் பலவற்றில், சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியவுடன் பின்னிருக்கையின் பக்கத்திலிருந்து இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது எரிபொருள் பம்பின் ஓசை. கேட்கவில்லை என்றால் பம்பிற்குரிய ஃபியூஸைச் சோதிக்கலாம். சாவி வடிவ விளக்கு அணையாமல் மின்னினால், திருட்டுத் தடுப்புக் கருவி நம் சாவியை ஏற்கவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியால் முயன்று பார்க்கலாம். பல நாட்கள் ஓடாமல் நின்ற காரில் எலிகள் வயர்களைக் கடித்திருப்பதும் நம் நாட்டில் அடிக்கடி காணும் காரணம்.

குளிர்ப் பகுதிகளில் டீசல் கார் வைத்திருப்போர், சுருள்வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து பின்னரே கிளப்பவேண்டும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். லடாக் பகுதிக்கெனக் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்தியது இக்காரணத்தால்தான்.

எந்தக் காராயினும் ஒரு முயற்சி 10 நொடிகளைத் தாண்டக்கூடாது. அடுத்த முயற்சிக்குமுன் அரை நிமிடமேனும் இடைவெளி தேவை. இல்லையெனில் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெடும், பேட்டரியும் தீரும். மூன்று முயற்சிகளில் கிளம்பாத காரை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

தள்ளிக் கிளப்பும் பழைய முறை ஆட்டோமேட்டிக் கார்களுக்குப் பயன்படாது. கியர் மாற்றும் கார்களிலும் எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள மாசுநீக்கும் கருவிக்குச் சென்று அதனைக் கெடுக்கக்கூடும். எஞ்சின் இயங்காத நிலையில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கடினமாகும் என்பதையும் மறத்தல் ஆகாது.

சாவியைத் தொடவே கூடாத நேரம்

மழைவெள்ளத்தில் சக்கரங்களுக்கு மேல் மூழ்கிய கார், நீர் வடிந்தபின் வெளிப்பார்வைக்குச் சேதமின்றித் தோன்றலாம். ஆனால் காற்றுக்குழாய் வழியே எஞ்சினுக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். பிஸ்டன் மேலெழும்போது காற்றை அழுத்தும். நீரையோ அவ்வாறு அழுத்த இயலாது. செல்ஃபை இயக்கினால் அந்த விசை முழுவதும் பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டின்மீது திரும்பி அதனை வளைத்துவிடும். நீரை வெளியேற்றி, எண்ணெய்களை மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய எஞ்சின், அந்த ஒரு முயற்சியினால் பிரித்துக் கட்டவேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஆகவே இயன்றால் பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றி, புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, காரைப் பணிமனைக்கு ஏற்றிச்செல்ல ஏற்பாடு செய்யவேண்டும்.

இதில் காப்பீட்டின் கோணமும் உண்டு. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், நம் சொந்தக் காரின் சேதத்திற்கு எதுவும் கிடைக்காது. முழுமையான காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆயினும் எஞ்சின் தானாகப் பழுதடைவதையும், முதல் சேதத்தைத் தொடர்ந்து நேரும் இழப்பையும் அது பொதுவாக விலக்குகிறது. பழுதுபார்க்கும் முன்னர் ஓட்டியதால் பெருகும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்பதும் பாலிசியின் நிபந்தனைகளுள் ஒன்று. நீர் புகுந்து எஞ்சின் கெடுவதற்கு 'எஞ்சின் பாதுகாப்பு' என்னும் கூடுதல் காப்பும், வழியில் நின்றால் உதவிபெற 'சாலையோர உதவி' என்னும் கூடுதல் காப்பும் கூடுதல் பிரீமியத்திற்குக் கிடைக்கின்றன. புதுப்பிக்கும் நாளில் இவற்றின் நிபந்தனைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது நலம். கார் பணிமனையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை அல்லவா?

முன்கூட்டியே செய்யத்தக்கவை

நம் நாட்டின் வெப்பத்தில் கார் பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கின்றன. மூன்றாண்டு கடந்த பேட்டரியைச் சர்வீஸின்போது சோதிக்கச் சொல்லலாம். முழு மின்னேற்றம் பெற்று ஓய்வில் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டிற்கும் கீழே இறங்கினால் அது ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை அரை மணி நேரமேனும் காரை ஓட்டுவது நல்லது. பேட்டரியின் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பாதுகாத்து வைத்தால், உத்தரவாதக் காலத்தில் அது பழுதடையும்போது பயன் கிடைக்கும்.

டிக்கியில் ஜம்பர் கேபிள், டார்ச் விளக்கு, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணையும், ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணையும் அழைக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள். பாலிசியின் பிரதி காருக்குள் மட்டும் இருந்தால் வெள்ளத்தில் அதுவும் நனைந்துபோகும். கைப்பேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.