எறும்பு வீட்டு அம்மாக்கள்

இரவு இரண்டு மணி இருக்கும். தலைப்பிரசவத்துக்கு வந்து, இன்னும் பெரம்பலூரில் எங்களோடு இருக்கும் என் மகளின் அறையிலிருந்து குழந்தை வீறிட்டு அழும் சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். ஐந்து மாதக் குழந்தையின் கழுத்து மடிப்பில் சிவப்பாக ஒரு தடிப்பு. பக்கத்திலேயே குற்றவாளி. ஒரு சிற்றெறும்பு! பால் கக்கிய கழுத்தைத் துடைக்காமல் படுக்கப் போட்டதால் வந்த வினை.

குழந்தை ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது. மகள்தான் அழுகையை நிறுத்தவில்லை.

“துடைக்கணும்னுதாம்மா நினைச்சேன். மறந்தே போச்சு. இப்பல்லாம் எனக்கு எதுவுமே ஞாபகத்துல நிக்கறதில்லே. புள்ளை பெத்ததும் மூளையே மழுங்கிப் போச்சு போலிருக்கு.”

விடிந்ததும் முதல் வேலையாகக் கடையிலிருந்து எறும்புச் சாக்கட்டி வாங்கிவரச் சொல்லி, கட்டிலைச் சுற்றிக் கோடு போடக் கிளம்பினாள். “தவழப் போற புள்ளை இருக்கற வீட்டுல அது வேண்டாம்டி. மொதல்ல கோயிலுக்குப் போயிட்டு வருவோம், கிளம்பு” என்று பிடுங்கி வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டுதல் இருந்தது. வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறக்கும் கோயில் அது. திருச்சியில் விலங்கியல் படிக்கும் என் தங்கை மகனும் வந்திருந்தான். அவனையும் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்து மாவிளக்குப் பிடித்தால் எறும்புக்குத் தகவல் சொல்ல ஆள் வேண்டுமா? நாங்கள் உட்கார்ந்த இடத்தை நோக்கி ஒரு வரிசை புறப்பட்டுவிட்டது. என் மகள் காலை ஓங்கினாள். பையன் தடுத்தான்.

“வேணாம்க்கா. இதுல ஒண்ணுகூட ஆம்பளை கிடையாது. எல்லாம் உன்னை மாதிரி பொம்பளைங்கதான், வீட்டுல இருக்கற புள்ளைகளுக்குச் சோறு தேடி வந்திருக்காங்க.”

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாம் தரையிலும் சுவரிலும் பார்க்கிற எறும்பு அத்தனையும் பெண்கள்தானாம். இரை தேடுவது, கூடு கட்டுவது, காவல் நிற்பது, பிள்ளைகளுக்கு ஊட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண்கள் இறகோடு பிறந்து, பறந்து, ராணியோடு கூடி, சில நாளில் மடிந்துபோகிறவர்கள். எறும்பு வாயில் அரிசி போல் வெள்ளையாகத் தூக்கிப்போவதை நாம் ‘முட்டை’ என்கிறோமே, அதுவும் பெரும்பாலும் முட்டை இல்லை. புழுப் பருவத்திலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் இருக்கும் குழந்தைகள்! முட்டை அதைவிட மிகச் சிறியது.

“அப்போ குழந்தையை இடுப்புல தூக்கிட்டு அலையறது இவங்களும்தானா?” என்றாள் மகள். காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டாள்.

கல்லான மரத்தடியில்

இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று அங்கிருந்து சாத்தனூர் கல்மரத்தையும் பார்க்கப் போனோம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மரம், அடியோடு கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். பத்துக் கோடி ஆண்டுக் கணக்கில் பேச வேண்டிய பழமை. அப்போது இந்தப் பக்கமெல்லாம் கடல். அரியலூர் சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல்லும், அதற்குள் கிடைக்கிற சிப்பியும் நத்தையும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்துத்தான்.

கல்மரத்தின் அருகே இரண்டு கட்டெறும்புகள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. “எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்லுவாங்க. இங்கே கல்லு ஜெயிச்சுட்டுது” என்றேன்.

“ரெண்டு பேரும் ஒரே வயசு பெரியம்மா. மரம் பச்சையா நின்ன காலத்துலயே எறும்பு வம்சம் தொடங்கியாச்சு” என்றான் பையன்.

எறும்பு குளவியின் வழி வந்தது என்று விஞ்ஞானிகள் வெகு நாளாகவே நம்பினார்கள். ஆனால் நடுவில் ஒரு கண்ணி கிடைக்கவில்லை. 1966-இல் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், ஃப்ரே என்ற தம்பதி கடற்கரை மேட்டில் கல் பொறுக்கப் போனார்கள். மரப்பிசின் இறுகிக் கல்லானதை அம்பர் என்பார்கள். அவர்கள் எடுத்த அம்பர் துண்டுக்குள் இரண்டு பூச்சிகள்! அது கைமாறி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்சனிடம் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் மீன் முள் குத்தி ஒரு கண் பார்வையை இழந்தவர் வில்சன். தூரத்துப் பறவை, விலங்கு வேண்டாம், கண்ணருகே வைத்துப் பார்க்கும் பூச்சி போதும் என்று எறும்பைப் பிடித்துக்கொண்டு, உலகமே போற்றும் நிபுணரானவர். அந்தப் பொக்கிஷத்தை வாங்கிய பதற்றத்தில் கை தவறிக் கீழே போட்டுவிட்டார்! துண்டு இரண்டாக உடைந்தது. நல்லவேளை, பாதிக்கு ஒன்றாக இரண்டு எறும்பும் சேதமில்லாமல் தப்பின.

சுமார் 9 கோடி ஆண்டுப் பழைய அந்தப் பூச்சிக்கு எறும்பின் இடுப்பு, குளவியின் தாடை. கிருமிகளை அண்டவிடாமல் மருந்து சுரக்கும் சுரப்பி எறும்புக்கே உரியது. அதுவும் அதனிடம் இருந்தது. 1967-இல் ‘குளவி எறும்பு’ என்று பொருள்படும்படி ஸ்பெகோமிர்மா என்று பெயர் வைத்து, பின்னால் ஃப்ரே தம்பதியின் பெயரையும் சேர்த்தார்கள். 2025-இல் அதைவிடப் பழையது வெளிவந்தது. பிரேஸிலில் ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பில், ஏரியடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லுக்குள், 11 கோடியே 30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய எறும்பு!

சென்னைப் பத்திரிகையில் வந்த எறும்பு

அன்று தொடங்கிய வம்சம் இன்று எப்படிப் பெருகியிருக்கிறது தெரியுமா? உலகில் பெயர் வைக்கப்பட்ட எறும்பு வகைகள் ஏறக்குறைய 14,000. 2016-இல் பாட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்து ஹிமேந்தர் பாரதியும் மற்றவர்களும் வெளியிட்ட பட்டியலில் நம் நாட்டுக்கு மட்டும் 828.

நாம் பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, சிற்றெறும்பு, முசுறு என்று நாலைந்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த முசுறை எடுத்துக்கொள்ளுங்கள். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பில் கை வைத்தவர்களுக்கு அதன் கடி மறக்காது. அது இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் விதத்தைப் பார்த்தால் நம் தையல் மிஷின் தோற்றது. ஒரு கூட்டம் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கும். இன்னொரு கூட்டம் தங்கள் புழுக்குழந்தையை வாயில் கவ்வி இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக நகர்த்தும். தறியில் நாடா ஓடுகிற மாதிரி! நூல் சுரப்பது குழந்தைதான். சீனாவில் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக் காவலுக்கு இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் வட பகுதி முந்திரித் தோட்டங்களிலும் பூச்சியை அடக்க முசுறு உதவியிருக்கிறது.

சென்னை ராஜதானியில் கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், நோயாளிகளைப் பார்த்த நேரம் போகப் பறவைகளையும் எறும்புகளையும் பார்த்தவர். தென்னிந்திய எறும்புகளுக்கு அவர் எழுதிய பட்டியல் 1851-இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சானது. அதில் ஒன்று குதிக்கும் எறும்பு. பெரிய கண், நீண்ட தாடை. கூட்டம் சேராமல் தனியாக வேட்டைக்குப் போகும். இரையைக் கண்டால் தாவிப் பிடிக்கும். நம் தென்னிந்தியக் காட்டுப் பிராணியான இதன் பரம்பரைக் குறிப்பு முழுவதையும் 2010-இல் விஞ்ஞானிகள் படித்து முடித்தார்கள். எறும்பு இனத்திலேயே முதலில் அப்படிப் படிக்கப்பட்ட இரண்டில் இது ஒன்று.

ஏன் இதன்மேல் இவ்வளவு ஆசை? அதைத்தான் என் மகளிடம் சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன் என்று, பையன் சொன்ன பிறகு எனக்குத் தோன்றியது.

ராணி போனால் யார் அம்மா?

மற்ற பல எறும்புகளில் ராணியாகப் பிறந்தவள் ராணி, வேலைக்காரியாகப் பிறந்தவள் கடைசிவரை வேலைக்காரி. குதிக்கும் எறும்பு வீட்டில் அப்படியில்லை. ராணி இறந்ததும் வேலைக்காரிகளுக்குள் போட்டி தொடங்கும். கொலை, வெட்டு எதுவும் கிடையாது. கோலாட்டம் அடிப்பது போல் எதிரெதிரே நின்று உணர்கொம்பால் மாற்றி மாற்றித் தட்டிக்கொள்வார்கள். ஏறக்குறைய ஒரு மண்டலம், 40 நாள் வரைகூட இது நடக்கும். ஜெயித்த சிலர் முட்டையிடத் தொடங்குவார்கள். இவர்களுக்கு விஞ்ஞானிகள் வைத்த கிரேக்கப் பெயருக்கு ‘மணமான வேலைக்காரி’ என்று அர்த்தம்!

அதற்குப் பிறகு அவள் உடம்பே மாறிப்போகிறது. சினைப்பை வளர்கிறது. மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. வெளியே போய் வழி கண்டுபிடித்து வேட்டையாடும் வேலை இல்லை. அதற்குச் செலவான சத்தையெல்லாம் உடம்பு பிள்ளைப்பேற்றுக்குத் திருப்பிவிடுகிறது. ஆயுளோ கூடுகிறது! ஏழு மாதம் வாழ வேண்டியவள் நான்கு ஆண்டு வரை வாழ்கிறாள். பிள்ளை பெற்றால் ஆயுள் குறைவதுதான் பல உயிர்களின் வழக்கம். இவள் எப்படித் தப்பினாள் என்று தேடியவர்கள், நமக்குச் சர்க்கரை வியாதியால் பழக்கமான இன்சுலினில் விடையைப் பிடித்தார்கள். முட்டை வளர இன்சுலின் வேண்டும், அதே இன்சுலின் முதுமையையும் விரைவுபடுத்தும். இவளுடைய சினைப்பை, அந்தக் கெடுதல் பக்கத்தை மட்டும் தடுக்கும் ஒரு பொருளைத் தானே சுரக்கிறது. 2022-இல் நியூயார்க் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 2021-இல் அமெரிக்காவின் கிளின்ட் பெனிக்கும் குழுவினரும் இப்படி அம்மாவான சில எறும்புகளுக்கு வர்ணப் பொட்டு வைத்து, சில வாரம் தனியே பிரித்து வைத்தார்கள். முட்டையிடும் சக்தி குறைந்தது. திரும்பக் கூட்டில் விட்டதும் மற்றவர்கள் பிடித்து மடக்கி வைத்தார்கள். பிறகு அவர்கள் பழையபடி வேலைக்காரிகள் ஆகிவிட்டார்கள். சினைப்பை சுருங்கியது. சுருங்கிய மூளை மறுபடியும் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது!

மகள் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “திரும்ப வளர்ந்துடுச்சா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

எறும்பு எறும்புதான், மனுஷி மனுஷிதான். ஒன்றைப் பார்த்து மற்றதற்கு வைத்தியம் சொல்லக்கூடாது. ஆனால் நமக்கும் தனியே ஆராய்ச்சி உண்டு. 2016-இல் எல்சலின் ஹூக்ஸமா முதலானோர் முதல் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்மாரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சில பகுதிகள் சற்றுக் குறைந்திருந்தது உண்மை. ஞாபகசக்தியைச் சோதித்தபோது குறைவு ஒன்றும் தெரியவில்லை. மாறிய பகுதிகள் பெரும்பாலும் பிறர் மனசை அறிய உதவுகிறவை. மாற்றம் அதிகமாக இருந்தவர்களுக்குக் குழந்தையிடம் ஒட்டுதலும் அதிகம். மூளை மழுங்கவில்லை, குழந்தைக்காக அறையை ஒழித்து மாற்றி அடுக்குகிறது, அவ்வளவுதான். அதோடு தூக்கமில்லாத இரவுகள். மறதி வராமல் என்ன செய்யும்? ஆனால் மறதியோடு காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ‘பச்சை உடம்புக்காரி, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

எறும்பு தன் வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் வரிசையாக வருகிறது. அந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டால் வரிசை குழம்பிப்போகும். குழந்தைக்குப் பால் கொடுத்ததும் வாய், கன்னம், கழுத்து மடிப்பை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது பாட்டி காலத்து யுக்தி, இன்றும் நல்லது. தண்ணீரை மட்டும் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு குடிவரும்.

எறும்புச் சாக்கட்டி பார்க்கப் பள்ளிக்கூடச் சாக்கட்டி போலிருந்தாலும் பூச்சிமருந்து கலந்தது. தவழும் குழந்தை தரையைத் தடவிய கையை வாயில்தான் வைக்கும். ஒரு காலத்தில் வீட்டு மூலையெல்லாம் தூவிய பி.எச்.சி. பொடியை 1997-இல் அரசே தடை செய்துவிட்டது. எறும்பு கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் போதும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மறுநாள் காலை வாசலில் மகள்தான் கோலம் போட்டாள், பச்சரிசி மாவில். போட்டு முடித்துவிட்டு, மீதி மாவைச் சுவரோரம் தூவினாள்.

“அங்கே எதுக்குடி?” என்றேன்.

“அவங்க வீட்டுலயும் கைக்குழந்தை இருக்கும்ல” என்றாள்.