ஆற்றங்கரைப் பூங்கா: திறப்பு விழாவுக்கு முன் நடந்த வேலை

தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் எத்தனை நாளைக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பந்தல் போட வேண்டும். வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு செய்ய வேண்டும். விழாவன்று வருகிறவர்கள் தோரணத்தையும் விளக்கையும் பார்த்து மகிழ்கிறார்கள். பந்தற்கால் எவ்வளவு ஆழத்தில் ஊன்றப்பட்டிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் காற்றடிக்கும்போது பந்தலைக் காப்பாற்றுவது தோரணம் அன்று, அந்த ஆழந்தான்.

நகரத்தில் ஒரு பூங்காவைப் புதுப்பித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதும் இப்படிப்பட்ட காரியமே. அதிலும் அந்தப் பூங்கா ஓர் ஆற்றங்கரையில் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேலை இன்னும் அதிகம். அப்படிப்பட்ட பூங்கா ஒன்று எப்படி ஆயத்தம் செய்யப்பட்டது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது.

அந்தப் பூங்கா சிங்கப்பூரில் உள்ளது. பீஷான், அங் மோ கியோ என்ற இரண்டு குடியிருப்பு நகரங்களுக்கு நடுவே 1988ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதை ஒட்டிக் காலாங் ஆறு ஓடுகிறது. சிங்கப்பூரிலேயே நீளமான ஆறு இதுதான். ஆனாலும் அதன் நீளம் சுமார் 10 கிலோமீட்டரே. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது.

ஆறு என்று சொன்னேன். ஆனால் முன்பு அதைப் பார்த்தவர்கள் ஆறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு நேர்க்கோடு போட்டாற்போல் ஒரு சிமெண்டுக் கால்வாய்தான் இருந்தது. அடியும் சிமெண்டு, இரு பக்கமும் சிமெண்டு. நகரம் வளர்ந்த காலத்தில் வெள்ளத்தைத் தடுப்பதற்காக அப்படிக் கட்டினார்கள். வழுவழுப்பான சிமெண்டில் தண்ணீர் தடையின்றி விரைந்து ஓடிவிடும். ஊருக்குள் தேங்காது. அந்தக் காலத்துக்கு அது தேவையான வேலைதான். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த வேகத்திலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. செங்குத்தான சுவர் கொண்ட கால்வாயில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால் பிடித்து ஏறுவதற்கு ஒரு புல்லும் இல்லை. ஆகவே மக்களைக் கால்வாயின் பக்கம் விடாமல் விலக்கியே வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலேயே பூங்கா, பூங்காவில் பிள்ளைகள், ஆனால் தண்ணீர் மட்டும் யாருக்கும் உறவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காலப்போக்கில் இரண்டு தேவைகள் சேர்ந்து வந்தன. கட்டடங்களும் சாலைகளும் பெருகப் பெருக, மண்ணில் இறங்க வேண்டிய மழைநீரும் கால்வாய்க்கே வந்து சேர்ந்தது. அதைத் தாங்கக் கால்வாயைப் பெரிதாக்க வேண்டும். பூங்காவும் பழையதாகிவிட்டது, அதையும் புதுப்பிக்க வேண்டும். தண்ணீருக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகமும் பூங்காக்களுக்குப் பொறுப்பான தேசியப் பூங்காக் கழகமும் தனித்தனியே வேலை செய்யாமல் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தன. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிரைசைட்ல் என்ற நிலவமைப்பு வல்லுநரின் நிறுவனம் வடிவமைப்பை ஏற்றது. அவர்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? கால்வாயைப் பெரிதாக்க வேண்டாம். அதை உடைத்துவிட்டு ஆற்றை மறுபடியும் ஆறாகவே ஓடவிடுவோம் என்பதுதான்.

நேயர்களே, முதல் ஆயத்தம் தண்ணீருக்கு இடம் கொடுப்பது. நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர்க் கால்வாய், வளைந்து வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றப்பட்டது. வளைவு இருந்தால் தண்ணீரின் வேகம் குறையும். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர் வரைதான். இப்போது கனத்த மழை பெய்யும்போது தண்ணீர் ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குப் பரவ முடியும். தண்ணீர் கொள்ளும் அளவு சுமார் 40 விழுக்காடு கூடியிருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மழையில்லாத நாளில் ஆறு நடுவில் ஒரு சிற்றோடை போல ஓடும். அதன் இரு பக்கமும் சரிவான புல்தரை. மக்கள் அங்கே நடக்கலாம், உட்காரலாம். மழை நாளில் அதே புல்தரை தண்ணீருக்கு உரியதாகிவிடும். மழை விட்டு வெள்ளம் வடிந்ததும் மறுபடியும் மக்களுக்கு. ஒரே நிலத்தை மனிதரும் வெள்ளமும் முறைவைத்து அனுபவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆயத்தம் கரையைப் பிடித்து நிறுத்துவது. சிமெண்டை எடுத்துவிட்டால் மண் கரையாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடையும் உங்களிடமே இருக்கிறது. மலைச்சரிவில் பால்மரமும் செம்பனையும் நடுகிற தோட்டங்களில் என்ன செய்கிறார்கள்? சரிவைப் படிபடியாக வெட்டுகிறார்கள். வெறும் மண்ணில் மழை அடிக்காதபடி மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுகிறார்கள். சில இடங்களில் வெட்டிவேரை வரிசையாக நடுகிறார்கள். மண்ணைப் பிடிப்பது வேர் என்பதைத் தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலாங் ஆற்றங்கரையிலும் அந்த உண்மைதான் பயன்பட்டது. மரக்கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையில் பதித்தார்கள். முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் துளிர்க்கிறதல்லவா, அதுபோலத் துளிர்க்கக்கூடிய போத்துகளைக் கற்களுக்கு இடையில் செருகினார்கள். மண்ணைத் துணி போன்ற வலையில் சுற்றி அடுக்கடுக்காக வைத்து, அதன்மேல் செடி வளர்த்தார்கள். தண்ணீர் வேகமாக மோதும் இடங்களில் கம்பிக்கூண்டுகளில் கல் நிரப்பி வைத்தார்கள். செடி வேர்விட்டதும் கரையே உயிருள்ள சுவராகிவிடுகிறது.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் ஆறு முழுவதும் செய்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் பூங்காவிலுள்ள ஒரு சிறிய வடிகாலில் 60 மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 10 வகை முறைகளையும் பலவகைச் செடிகளையும் பரீட்சை செய்து பார்த்தார்கள். எந்தச் செடி வெள்ளத்தில் நிற்கிறது, எது பிடுங்கிக்கொண்டு போகிறது என்று 11 மாதம் கவனித்தார்கள். பத்தில் 7 முறைகளைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகுதான் ஆற்றில் கைவைத்தார்கள். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். விழா நாளை மனிதன் குறிக்கலாம். வேர் பிடிக்கும் நாளைச் செடிதான் குறிக்கும்.

மூன்றாவது, பழையதை என்ன செய்வது என்ற கேள்வி. உடைத்த சிமெண்டுப் பாளங்கள் மலைபோலக் குவிந்தன. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் செலவு உண்டு. ஆகவே ஒரு பகுதியைப் பூங்காவுக்குள்ளேயே குவித்து ஒரு சிறு குன்று அமைத்தார்கள். ஒரு காலத்தில் தண்ணீரை அடைத்து வைத்திருந்த சிமெண்டின்மேல் இன்று மக்கள் ஏறி நின்று ஆற்றைப் பார்க்கிறார்கள்.

நான்காவது, தண்ணீரின் சுத்தம். இதற்காக நான்கு படிகளில் 15 பாத்திகள் அமைத்து நீர்ச்செடிகளை நட்டார்கள். தண்ணீர் அந்தப் பாத்திகளின் வழியாக மெதுவாக இறங்கும்போது, மண்ணும் வேரும் அழுக்கை வடிகட்டுகின்றன. பிள்ளைகள் நீரில் விளையாடும் இடத்துக்குச் செல்லும் தண்ணீர், புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கப்பட்ட பிறகே விடப்படுகிறது. தண்ணீர் என்றால் கொசு வராதா என்று தாய்மார்கள் கவலைப்படுவார்கள். ஓடுகிற தண்ணீரில், மீனும் தட்டானும் வாழ்கிற இடத்தில், கொசுப் புழுவுக்குப் பிழைப்பு இல்லை. டெங்கிக் கொசு தேடுவது வீட்டோரத்தில் கிடக்கும் டப்பாவையும் பூச்சட்டியின் அடித்தட்டையுந்தான்.

ஐந்தாவது ஆயத்தத்தை நான் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேயர்களே, இதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். ஆற்றில் வெள்ளம் வருவதற்கு நம் தலைக்குமேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேற்பகுதியில் பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே வந்து சேர்ந்துவிடும். முழங்கால் அளவு ஓடையில் மீன்குஞ்சு பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

ஆகவே ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கை விளக்குகள் எரியும், சங்கு ஊதும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். கரையில் சிவப்பு அடையாளங்களும், தண்ணீரில் அகப்பட்டவருக்கு வீசுவதற்கான மிதவை வளையங்களும் வைக்கப்பட்டன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு கரையின் சரிவுதான். தண்ணீர் ஏறும்போது மனிதன் பின்னோக்கி மேட்டுக்கு நடந்து போய்விடலாம். பழைய கால்வாயில் அந்த வழி இல்லை.

இத்தனையும் ஆன பிறகுதான் 2012ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், சிங்கப்பூரின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் பூங்காவை அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார். பூங்காவின் பரப்பு 62 ஹெக்டர். அதாவது ஏறக்குறைய 150 ஏக்கர். செலவு சுமார் 7 கோடியே 60 லட்சம் வெள்ளி. திறந்த பின்னர் அங்கே உயிரினங்களின் வகை சுமார் 30 விழுக்காடு பெருகியதாகக் கணக்கிட்டார்கள். 2014ஆம் ஆண்டு வாக்கில் நீர்நாய்கள் குடும்பமாக வந்து குடியேறின. அவற்றுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை. தண்ணீரும் மீனும் இருப்பதை அறிந்து தாமாகவே வந்தன. ஆறு உண்மையிலேயே ஆறாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு பூங்காவைத் திறப்பதற்கு ஆயத்தம் செய்வது என்றால், மக்கள் வரும் நாளுக்கு ஆயத்தம் செய்வது மட்டும் அன்று. வெள்ளம் வரும் நாளுக்கும் ஆயத்தம் செய்வதுதான். வர்ணம் அடிப்பதும் கொடி கட்டுவதும் ஒரு வாரத்து வேலை. வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்ய ஆண்டுக்கணக்காகும். விழா முடிந்த பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் புல்லின்மேல் தங்கும் சேற்றையும் குப்பையையும் அள்ள வேண்டும். காலாங் ஆற்று நீர் போய்ச் சேரும் மரினா நீர்த்தேக்கம் மக்களுக்குக் குடிநீர் தருவது. ஆகவே மேலே ஒருவர் சாக்கடையில் எறியும் பிளாஸ்டிக் பை, கீழே ஊரார் குடிக்கும் தண்ணீரை நோக்கித்தான் பயணம் செய்கிறது.

‘இதெல்லாம் பணக்கார நகரத்துக் கதை, நமக்கென்ன?’ என்று நினைக்காதீர்கள். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கும், தாமானுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வாய்க்காலுக்கும் இதே விதிதான். நான்கு கேள்விகளை நம் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெருமழையில் எந்த இடம் வரை ஏறும்? கரையைப் பிடித்து நிறுத்துவது எது? தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

முதல் மூன்று கேள்விகளுக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விடை இருக்கும். எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று பாட்டிமார் அடையாளம் சொல்வார்கள். அந்த அடையாளத்தைச் சுவரிலோ மரத்திலோ சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடாகப் போட்டு வையுங்கள். அதற்குக் கோடிக்கணக்கில் வெள்ளி வேண்டாம். ஒரு டின் வர்ணம் போதும். நான்காவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்று, மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து காட்டுங்கள். ‘தண்ணீர் கலங்கி வந்தாலும், இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலும், மழை இல்லையே என்று நிற்காதே, மேலே ஏறிவிடு’ என்று சொல்லிக் கொடுங்கள்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பார்கள். அணை போடும் வசதி எல்லாருக்கும் இருக்காது. வழி சொல்லிக் கொடுக்கும் வசதி எல்லாருக்கும் உண்டு. இன்று மாலையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள்.